சீமாட்டிக்குப் பால் வந்த விதம்

பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்த குதிரைக்குட்டி அது. புட்டிப்பாலைப் பாதி குடித்துப் பாதி துப்பி, எலும்பும் தோலுமாகிவிட்டது. லாயக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டு டாக்டரான அவருடைய மச்சினி வந்து பார்த்துவிட்டு, "சீமாட்டிக்குப் பால் வரவெக்கலாம், மாமா" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. சீமாட்டி அவர் கையிலேயே வளர்ந்த வெள்ளைக் குதிரை, திமிர் பிடித்தவள். ஒரு தடவைகூடச் சினைப்பட்டதில்லை.

"குட்டியே போடாதவளுக்கு ஏது பால்? கல்லுல நார் உரிக்கப் பாக்குறியா?"

"தலைக்குள்ள டோபமின்னு ஒரு காவல்காரன் இருக்கான், மாமா. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன வெளிய விடாம பிடிச்சு வெச்சிருக்கிறது அவன்தான். நான் போடப்போற ஊசி மருந்து அவன் கையக் கட்டிடும். இதையே குளிர்காலத்துல கொடுத்தா, ஆண்வாடையே வேண்டாம்னு இருக்கிற பெட்டைகூடச் சீக்கிரம் பருவத்துக்கு வந்துடும்."

"ஆக, கல்யாண ஆசைக்கும் இதே ஊசி, பிள்ளைப்பாலுக்கும் இதே ஊசி. நல்லாருக்கு உன் வைத்தியம்."

முதலில் சினைக்கான ஹார்மோன்களைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த ஊசியைக் காலையும் மாலையும் போட்டாள். மடி கனத்தது. ஒரு நாள் லாயக்காரர் காம்பை இழுத்துப் பார்க்க, சர்ரென்று உள்ளங்கையில் சூடாகப் பால் விழுந்தது. ஒரு காவல்காரனைக் கட்டிப்போட்டால் போதுமா? இத்தனை வருஷமும் இது இந்த உடம்புக்குள்ளேயே காத்துக்கிடந்ததா? அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

ஆனால் பால் வந்தால் பாசமும் வந்துவிடுமா? குட்டியைப் பக்கத்தில் விட்டதும் சீமாட்டி காதை மடக்கிக்கொண்டு ஓர் உதை விட்டாள். வைக்கோலில் விழுந்த குட்டியால் எழ முடியவில்லை.

"இன்னொரு உதை இது தாங்காதும்மா" என்றார் லாயக்காரர்.

மச்சினி நீளக் கையுறையை மாட்டினாள். "பிரசவம் ஆயிடுச்சுன்னு அவ உடம்ப நம்ப வைக்கணும். தலையப் பிடிச்சுக்குங்க, மாமா."

கையை உள்ளே விட்டு, கருப்பையின் வாயை விடாமல் அழுத்தினாள். சீமாட்டிக்கு வியர்த்தது, நடுங்கினாள். பிறகு காது மெல்ல நிமிர்ந்தது. குட்டியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கழுத்தை நீட்டி, அதன் முகத்தை நக்க ஆரம்பித்தாள். நக்க நக்க, குட்டி தள்ளாடி எழுந்து மடியைத் தேடிப் பிடித்தது. லாயம் முழுக்க அது உறிஞ்சும் சத்தம்தான்.

லாயக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குட்டியைத் தடவிக்கொடுக்கக் கை நீட்டினார். சீமாட்டி வெடுக்கென்று திரும்பி அவர் தோளைக் கடித்துவிட்டாள்.

"ரொம்ப வலிக்குதா, மாமா?"

"வலிக்காம என்ன" என்றார் அவர், தோளைப் பிடித்தபடி. முகமெல்லாம் சிரிப்பு. "வளர்த்தவனையே கிட்ட விட மாட்டேங்கிறா. இனிமே குட்டி பிழைச்சுக்கும்."