குளிரில் மட்டும்

கிருஷாந்தி மறுபடியும் கை கழுவச் சவர்க்காரத்தை எடுத்தாள்.

"தோல் உரியப் போகுது புள்ள," என்றாள் கூடப் படிக்கும் றுமைஸா, ஆய்வுகூடக் கதவில் சாய்ந்தபடி. "இண்டைக்கி என்ன கறி?"

"சாப்புடவே இல்ல டி."

பேராதனை வளாகமே சிரித்த கதை அது. ஃபுல்லரீன் என்பது கரி அணுக்கள் பந்துபோலக் கோத்துக்கொண்ட மூலக்கூறு. உறையவைத்து லேசர் பாய்ச்சினால் மங்கிய சிவப்பாக ஒளிரும். அதைக் காட்டுவதுதான் அவளுடைய ஆய்வு. போன மாதம் கணினித் திரையில், ஒளியை அளந்து காட்டும் கோட்டில், பெரிய மேடு ஒன்று எழுந்ததும், அது எந்த நிறத்தில் என்றுகூடப் பார்க்காமல் துறை முழுவதையும் கூப்பிட்டுவிட்டாள். ஆய்வை மேற்பார்க்கும் பாலாம்பிகை மிஸ் கண்ணாடிக் குழாயைத் துடைத்து வைத்தார். மேடு காணாமல் போனது. ஒளிர்ந்தது சோற்றுப் பார்சலின் மஞ்சள், அவள் விரலிலிருந்து குழாய்க்குப் போனது. ஊரில், மடுல்கெல்லயில் இருக்கும் அப்பாவிடம் 'வெளிச்சம் வந்துருச்சிப்பா' என்று சொல்லியிருந்தாள். இல்லை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

"இண்டைக்கும் வரேல்லையெண்டால் தலைப்பை மாத்துவம், பிள்ளை," என்று காலையில் மிஸ் சொல்லியிருந்தார். உறையவைக்கும் திரவ நைதரசனும் இனி இப்போதைக்கு வராது.

சன்னலின் கறுப்புத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கையுறை போட்டு, நாவல்பழச் சாறு நிறத்து ஃபுல்லரீன் கரைசல் இருந்த குழாயைக் கண்ணாடிக் குடுவைக்குள் இறக்கி, உலோகக் கானிலிருந்து நைதரசனை ஊற்றினாள். சீறிக்கொண்டு புகை வழிந்தது. நீல லேசர் பட்டதும் கணினித் திரையில், சிவப்புப் பக்கத்தில், ஒரு மேடு எழும்பியது. அவள் பார்த்திருக்கையிலேயே அதன் உச்சி சீப்புப் பற்களாகப் பிரிந்தது.

றுமைஸாவும் கதவை விட்டு உள்ளே வந்து கணினியின் முன் குனிந்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "கீரையும் சிவப்பாத்தான் ஒளிரும். நேத்து வல்லாரைச் சம்பல் தின்டாய்தானே. மிஸ்ஸக் கூப்புடவா?"

"கூப்புடாத. குழாய வெளிய எடுக்கப் போறேன்."

"ஒனக்குப் பைத்தியமா? இப்ப ஈக்கிற மேடும் போயிரும்."

போகலாம்தான். கானில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தடவைக்கு. ஆனால் கீரையின் ஒளி இப்படிச் சீப்பாகப் பிரியாது; சூட்டில் மழுங்கி, குளிரில் திரும்பப் பிரிந்தால்தான் அது ஃபுல்லரீன் என்று அவளால் தலைநிமிர்ந்து சொல்ல முடியும். மஞ்சளை மிஸ் துடைத்துக் காட்டினார். இதைத் தானே துடைத்துப் பார்க்க வேண்டும்.

குழாயைத் தூக்கினாள். பூத்த வெண்பனியைத் துணியால் துடைத்துத் துடைத்து லேசருக்குக் காட்டினாள். பற்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து வெறும் மேடானது; அதுவும் தாழ்ந்தது. தனக்குள் எழுவது பயமா, சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்தறிய முடியவில்லை.

"ஊத்து புள்ள, ஊத்து," என்றாள் றுமைஸா, இப்போது கிசுகிசுப்பாக.

கானைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தாள். புகை மேசையைத் தாண்டி, இருவரின் செருப்பையும் மூடிக்கொண்டு தரையில் பரவியது. வெற்றுக் கானைக் குழந்தையைப்போல அணைத்தபடி கிருஷாந்தி திரையைப் பார்த்தாள். தாழ்ந்து கிடந்த கோட்டில், சிவப்புப் பக்கத்தில், ஒரு பல் முளைக்கத் தொடங்கியது.