வரிசையில் நின்ற பச்சைக் குடம்

"ஒரு ஆத்துக்கு நாலு குடம்னு சட்டம் போட்டவளே நீதானே? அந்தப் பச்சைக் குடம் யாருது, அதைச் சொல்லிட்டு அப்புறம் குழாயைத் தொற."

"எத்தினி தபா சொல்றது மாமி? அது என்னுது இல்ல. என் நாலு கொடமும் அதோ கடைசில கீது. போய்ப் பாத்துக்கோ."

"உன்னுது இல்லேன்னா, தானா நடந்து வந்து மொதல்ல நின்னுண்டுதா?"

அபயாம்பாள் மாமி இதைத் தேவானையைப் பார்த்துத்தான் கேட்டாள். வரிசையில் நின்ற எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். தொட்டியில் தண்ணீரை இறக்கி முடித்த லாரி டிரைவர் மெஹபூப் பாஷாதான் ரப்பர் குழாயைச் சுருட்டியபடி, "அம்மாங்களா, நீங்க பொறுமையா சண்டை போடுங்க. நான் மந்தைவெளிக்குப் போயாவணும்," என்றார். சொன்னாரே தவிரப் போகவில்லை. அந்தத் தெருவின் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது.

அபிராமபுரத்துக்குப் பின்னால், கால்வாயில் போய் முட்டிக்கொண்டு நிற்கும் சந்து அது. ஒரு கோடியில் மாடி வீடுகள், மறு கோடியில் குடிசைகள். நடுவில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போகிற அளவுக்கு நீளம் இருந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடையில் மாடி வீட்டுக் கிணறுகளும் வற்றிப்போகவே, குடிநீர் வாரியம் தெரு நடுவில் ஒரு கறுப்புத் தொட்டியை வைத்து, காலையில் லாரியில் கொண்டுவந்து நிரப்பியது. அன்றிலிருந்து மாமிகளும் கால்வாய்க்கரைப் பெண்களும் ஒரே வரிசை. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற வெங்கடரமணன் மாமாகூட மனைவி அபயாம்பாளுக்குத் துணையாகக் கையில் வாளியோடு வந்து நின்றார். பேப்பர் படிக்கிற பாவனையில்தான் நின்றார் என்பது வேறு விஷயம்.

தொட்டிக் குழாய்க்கு ஒரு பூட்டு உண்டு. தெருவில் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஏரியா ஆபீசில் சொன்னபோது மாடி வீட்டுக்காரர்கள் நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டார்கள். கால்வாய்க்கரைக் குடிசைத் தேவானை கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். சாவி இடுப்பில் ஏறிய மறுநாளே, "ஏய் தேவானை"யாக இருந்தவள் "தேவானைக்கா" ஆனாள். மாடி வீட்டுக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் வந்தது. கூடையில் மீன் சுமந்து அந்தத் தெருவுக்கு வரும் நொச்சிக்குப்பத்து வேம்புவுக்கு, ஆட்டோ ஓட்டும் பிரபு என்றொரு மகன். தேவானையின் மகள் அன்புக்கரசியை அவனுக்குக் கேட்டு வேம்புவே வாய்விட்டுப் பேசினாள். "பொண்ணோட அம்மா வாட்டர் போர்டுல வேலை. சாவியே அவ கைல கீது," என்று அவள் குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். தேவானை பொய் ஒன்றும் சொல்லவில்லை. வேலை என்றும் சொல்லவில்லை, வேலை இல்லை என்றும் சொல்லவில்லை. நிச்சயத்துக்கு நாள் பார்த்தாயிற்று, கல்யாணம் தையில். தை வரைக்குமாவது சாவி இடுப்பில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டுதல். அதற்குக் குறுக்கே வந்து நின்றது அந்தப் பச்சைக் குடம்.

அது யாருடையது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் விரிசல் விட்டு, கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி ஒட்டுப்போட்ட பிளாஸ்டிக் குடம். கால்வாய்க்கரைக் கிழவி தங்கபுஷ்பத்தின் குடம்.

அந்த வரிசைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். விடியும் முன்பே குடத்தை வைத்துவிட்டு அவரவர் சுவரோரம் உட்கார்ந்து கதை பேசுவார்கள், இல்லாவிட்டால் தூங்குவார்கள். குழாய் திறந்ததும் முன்னால் இருப்பவர் நகர, பின்னால் இருப்பவர் தன் குடத்தோடு பக்கத்துக் குடத்தையும் காலால் தள்ளிவிடுவார். குடத்தைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள்.

சித்திரையில் ஒருநாள் தங்கபுஷ்பம் அப்படித்தான் குடத்தை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். வரிசை நகர்ந்தது. அவள் குடத்தையும் நகர்த்தினார்கள். அது குழாயடிக்கு வந்தது, நிறைந்தது, வழிந்தது. "ஆயா, கொடத்தை எடு, தண்ணி வீணாப் போவுது," என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். ஒருத்தி எரிச்சலோடு போய்த் தோளை உலுக்கியபோது கிழவி பக்கவாட்டில் சரிந்தாள். உடம்பு எப்போதோ ஆறிப்போயிருந்தது. செத்துப்போனவளுக்காகத் தெருவே சேர்ந்து குடம் தள்ளியிருந்தது.

எல்லோரும் கிழவியைச் சுற்றி நிற்க, தேவானை மட்டும் தொட்டியடியிலேயே நின்றாள். பொறுப்பில் இருப்பவள் அல்லவா. நிறைந்த பச்சைக் குடத்தைத் தூக்கி அடுத்தவள் குடத்தில் கவிழ்த்துவிட்டு, "அடுத்த ஆளு வா," என்றாள். தண்ணீர் வீணாகக் கூடாது என்பதுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. தெருவும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. பிற்பாடு சொன்னது, ஆனால் அது பிற்பாடு.

கிழவியின் மகன் குடும்பம் அதற்குள் ஊருக்கு வெளியே போயிருந்தது. பறக்கும் ரயிலுக்குத் தூண் நடுவதற்கென்று கால்வாய்க்கரையில் ஒரு வரிசைக் குடிசைகளை எடுத்துவிட்டு, தரமணிக்கும் அப்பால் இடம் கொடுத்திருந்தார்கள். போக மாட்டேன் என்று கிழவி ஒருத்திதான் பாதி பிரித்த குடிசையில் இருந்தாள். காரியம் முடிந்ததும் அதுவும் போயிற்று. குடம் மட்டும் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, விடிகாலையில் அது வரிசையில் முதலாவதாக நின்றது.

வைத்தவரைப் பார்த்தவர் இல்லை. லாரி வரும், குழாய் திறக்கும், குடம் நிறையும். அடுத்த குடத்தை வைக்கிற கணத்தில் எல்லோர் கண்ணும் தண்ணீரில் இருக்கும். திரும்பிப் பார்த்தால் பச்சைக் குடம் இருக்காது. கால்வாய்ப் பக்கமாக ஈரக்கோடு ஒன்று போயிருக்கும். வெயில் ஏறியதும் அதுவும் காய்ந்துவிடும். கால்வாய்க்கரைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. மாடி வீட்டுக்காரர்களோ, தேவானை கள்ளக்குடம் வைக்கிறாள் என்று பேசினார்கள்.

சண்டை நடந்த அன்று தேவானை ஒரு காரியம் செய்தாள். எல்லோர் முன்னாலும் பச்சைக் குடத்தை வரிசையிலிருந்து வெடுக்கென்று உருவினாள். "இன்னா மாமி, போறுமா? நாளையிலேர்ந்து இது இருக்காது." குடத்தைத் தன் குடிசையில் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் அரிசி டின்னை நகர்த்தி வைத்தாள். காற்று மாதிரி கனமே இல்லாமல் இருந்தது அது.

மறுநாள் முதல் குடம் அபயாம்பாள் மாமியுடைய எவர்சில்வர் குடம். மாமி பெருமையாகக் குழாயடியில் வைத்தாள். தேவானை திறந்தாள். தண்ணீர் தடித்த தாரையாக விழுந்தது. வெறும் குடத்தில் விழுகிற ஓசை கேட்டது. குடம் நிறைய நிறைய ஓசை மாறும், அது மாறவேயில்லை. விழுந்துகொண்டே இருந்தது.

"அடியில ஓட்டைபோல மாமி," என்றாள் தேவானை.

மாமி குடத்தைத் தூக்கினாள். அடிப்பக்கம் காய்ந்திருந்தது. வைத்திருந்த மண்ணும் காய்ந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்த வெங்கடரமணன் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை யாரும் சொல்லவில்லை.

வேறொருத்தி தன் குடத்தை வைத்துப் பார்த்தாள். அதிலும் ஓசை மட்டும்தான். "தொட்டி பாதி எறங்கிருச்சு," என்றார் மெஹபூப் பாஷா மெதுவாக. "இவ்ளோ தண்ணி எங்கம்மா போவுது?"

தேவானைக்குத் திடீரென்று தன் வீட்டு ஞாபகம் வந்தது. குழாயை மூடிவிட்டு ஓடினாள். வாசற்படியில் கால் வைத்ததும் வழுக்கியது. தரை முழுக்கத் தண்ணீர். அன்புக்கரசி கட்டிலில் அசைவில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அரிசி டின்னுக்குப் பின்னால் பச்சைக் குடம் விளிம்பு வரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. தேவானை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வழிதல் நின்றது. குழாயை மூடி அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது.

அவள் மகளை எழுப்பி, தரையைத் துடைக்கச் சொன்னாள். அடுத்த காலையில் பச்சைக் குடம் தன் இடத்தில் நின்றது, வரிசை ஒழுங்காக நடந்தது. அபயாம்பாள் மாமியும் வாய் திறக்கவில்லை.

ஆனால் மாமி வாய் திறந்த நாளில் சும்மா இருந்தவள் இல்லை. சண்டை முடிந்த கையோடு ஏரியா ஆபீசுக்கு ஒரு மனு போட்டிருந்தாள். போட்ட மனுவைத் திரும்ப வாங்க ஒரு மனு போடலாமா என்று அவள் கணவரைக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் ஜீப் வந்து நின்றது.

உதவிப் பொறியாளர் சுப்பராமன் இறங்கினார். கோடை முழுக்கத் தெருச் சண்டை கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன மனுஷர். "பேரு போட்டு மனு வந்திருக்கு. தேவானை யாரு? உபரிக் குடம் எது?" என்றார். நல்ல நேரம் பார்த்து வேம்புவும் மீன் கூடையோடு தெருவில் நுழைந்து, சம்பந்தி அதிகாரத்தில் இருக்கும் அழகைப் பார்க்கக் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தாள்.

சுப்பராமன் பச்சைக் குடத்தை விரலால் காட்டினார். "இது யாருது?"

வரிசை மறுபடியும் கால் விரலைப் பார்த்தது.

"மனு போட்ட அம்மா யாரு? நீங்க சொல்லுங்கோ."

"நேக்குத் தெரியாது சார்," என்றாள் அபயாம்பாள் மாமி. "நான் ஏதோ கோவத்துல எழுதிட்டேன்."

"கோவத்துல எழுதினாலும் நான் விசாரிச்சாகணும் மாமி. ஆள் இல்லாத குடத்துக்குத் தண்ணி கிடையாது. யாருதும் இல்லேன்னா ஜீப்புல போடுப்பா, ஆபீசுக்கு எடுத்துண்டு போயிடலாம். ஆள் இருந்தா சொல்லிடுங்கோ. ஆனா சாவி வச்சிருக்கறவாளே அதிகக் குடம் வச்சிருந்தா சாவி வேற கைக்குப் போயிடும்."

ஜீப் டிரைவர் குனிந்தான். தேவானை வேம்புவைப் பார்த்தாள். வேம்பு சிரித்துக்கொண்டு மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் போதும். குடம் ஜீப்பில் போகும், சாவி இடுப்பில் இருக்கும், தையில் கல்யாணம் நடக்கும். குடத்தோடு தெருத் தண்ணீர் எந்த ஆபீஸ் மூலையில் போய் வழியும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தேவானைக்கு அந்த நேரத்தில் தெரிந்தது சுவரோரம் சரிந்த கிழவிகூட இல்லை. நிறைந்த குடத்தைத் தூக்கிக் கவிழ்த்த தன் இரண்டு கைகள்தான்.

"என்னுது சார்," என்றாள்.

"உன்னுதா?"

"ஆமா. நான்தான் வச்சிக்கினு இருந்தேன். எடுத்துக்கினு போவாதீங்க. என் நாலுல ஒண்ணா இருக்கட்டும், ஒரு கொடத்தைக் கொறைச்சிக்கிறேன்."

சுப்பராமன் சாவியை வாங்கி அபயாம்பாள் மாமியிடம் நீட்டினார். தேளை வாங்குவது போல அவள் வாங்கிக்கொண்டாள். வேம்பு எழுந்து கூடையைத் தலையில் ஏற்றினாள். "வேலையின்னு சொன்னியே தேவானை," என்றாள். "நான் எங்க சொன்னேன்?" என்றாள் தேவானை. அது உண்மைதான், ஆனால் அதற்குள் வேம்பு தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

மறுநாள் மாமி பூட்டைத் திறந்தாள். வரிசையைக் கூப்பிட வேண்டியது இப்போது அவள் பொறுப்பு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "தங்கபுஷ்பம்," என்று கூப்பிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

குடம் நிறைந்தது. இந்தத் தடவை அது தானாகக் காணாமல் போகிற வரைக்கும் தேவானை காத்திருக்கவில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்தாள். நிறைகுடம், இடுப்பு ஒடிகிற கனம். மாடி வீடுகளைத் தாண்டும்போது கனம் சற்றே விட்டுக்கொடுத்தது. குடிசைகளைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம். குடம் சாயவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. பக்கத்தில் யாரோ ரொம்ப நாள் தாகத்தோடு குடிக்கிற மாதிரி மடக் மடக்கென்று ஒரு சின்ன ஓசை மட்டும் அவள் காதோரம் கேட்டுக்கொண்டே வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தூணுக்குத் தோண்டிய பள்ளத்தருகே, கிழவியின் குடிசை இருந்த இடத்தில் இறக்கியபோது அது வெறுங்குடமாக இருந்தது.

மழை வரும் வரை தினமும் தேவானை அப்படிப் போய்வந்தாள். கேட்டவர்களிடம், "ஆயாவுக்கு வீட்டுக்குத் தூக்கிக்கினு போக ஆள் இல்ல, அதான்," என்று சாதாரணமாகச் சொன்னாள். ஐப்பசியில் மழை கொட்டியது, தொட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பச்சைக் குடத்தை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

பிரபுவுக்குத் தையிலேயே கல்யாணம் ஆயிற்று, அத்தை மகளோடு. பெண்ணின் அப்பாவுக்கு மின்சார வாரியத்தில் நிஜமாகவே வேலை. அன்புக்கரசிக்கு இரண்டு வருஷம் ஒன்றும் அமையவில்லை. பிறகு ஒருநாள், செத்துப்போன தன் பாட்டிக்கு யாரோ ஒரு அம்மா தண்ணீர் சுமந்ததாகக் கேள்விப்பட்டு, தங்கபுஷ்பத்தின் பேரன் நாகராஜ் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தான். அம்மாவைப் பார்க்க வந்தவன் மகளைப் பார்த்துவிட்டுப் போனான் என்று தெருவில் சொல்வார்கள். சீர் என்று ஒரு பாத்திரம்கூட அவர்கள் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து அன்புக்கரசி தரமணிக்கு அப்பால் குடிபோனாள். கால்வாய்க்கரையை முழுசாகக் காலி செய்தபோது தேவானையும் அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அபயாம்பாள் மாமி வீட்டை விற்றுவிட்டு அடையாற்றில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்றாம் மாடியில் ஃபிளாட் வாங்கினாள். மெஹபூப் பாஷா ரிடையர் ஆகி ஆற்காட்டுக்குப் போய்விட்டார்.