வெட்டாத கம்பி

முப்பத்தொரு வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலை பார்த்தேன். யாருக்கும் ஒரு கிராம் குறைய விட்டதில்லை. உள்ளதை உள்ளபடியே எழுதி எழுதி அலுத்துப்போனதால், ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். என் மனைவி இதற்குப் பொய் என்று பெயர் வைத்திருக்கிறாள். நான் ஓய்வூதியம் என்கிறேன்.

ஆகவே, மலை உச்சியிலிருந்து விழுந்து இரண்டு மணிக்கட்டையும் முறித்துக்கொண்டேன் என்று நான் சொன்னால், அதைப் பன்னிரண்டு அங்குல முக்காலி என்று நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும். பால்கனியின் மேல்தட்டில் இருந்த என் போன்சாய்ச் சட்டியை வெயில் பக்கமாகத் திருப்பப் போனேன். முக்காலி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். சட்டி மட்டும் இருந்த இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலமே இரண்டு கையிலும் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் என்றார் டாக்டர். என் கணக்கில் அது அறுபது வருஷம்.

என் மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்றரைச் சாண் உயரம், பத்தொன்பது வயது. ஆபீஸ் சுவர் வெடிப்பில், கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு இலையோடு எட்டிப் பார்த்த ஆலங்கன்று. பேனாக்கத்தியால் கிளப்பி டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தேன். தரையில் நட்டிருந்தால் இந்நேரம் ஒரு பட்டாளத்துக்கே நிழல் கொடுத்திருக்கும். என் கத்தரியில் மாட்டியதால் ஒரு கைக்குட்டை அளவுதான் கொடுக்கிறது. அந்தக் கைக்குட்டை நிழலில் கடுகைவிடக் கொஞ்சமே பெரிய களிமண் பொம்மை ஒன்றை உட்கார வைத்திருந்தேன். சரி, கட்டைவிரல் நகம் அளவு. காலை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கும் ஆள். அவன்தான் நான்.

அவனுக்கு நிழல் தருவது கீழ்க்கிளை ஒன்றுதான். வானத்தைப் பார்த்து வளர்ந்துகொண்டிருந்த கிளையை வருஷத்துக்கு ஒரு விரற்கடை வீதம், ஆறு வருஷமாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தேன். மற்ற கிளைகளெல்லாம் சும்மா கூட்டத்துக்கு நிற்பவை.

கிளையை இறக்குவதற்கு அதன்மேல் கம்பி சுற்றி, கம்பியோடு சேர்த்து வளைத்து விடுவோம். கிளை அந்த வளைவுக்குப் பழகியதும் கம்பியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கிளை பருத்துக்கொண்டே போகும், கம்பி பட்டைக்குள் இறங்கிக் கழுத்தை நெரித்துவிடும். எடுக்கும்போதும் சுற்றைப் பிரிக்கக் கூடாது. சுற்றுக்குச் சுற்று வெட்டி, துண்டு துண்டாக உதிர்க்க வேண்டும். பிரித்தால் கிளை முறியும்.

கடைசி வளைவுக்காக நான் கம்பி சுற்றிய நான்காம் நாள்தான் முக்காலி என் காலை வாரிவிட்டது.

முதல் மூன்று வாரம் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வெயில் ஒரு நாள், மழை ஒரு நாள் என்று மாறி மாறி அடித்ததில் மரம் கல்யாண வீட்டு மாமாவைப் போலக் கொழுத்தது. நான்காவது வாரம் கம்பியின் இரண்டு பக்கமும் பட்டை உப்பி எழுந்தது. நான் சத்தம் போட்டேன்.

"இங்க பாரு, கம்பி உள்ள இறங்குது! வந்து வெட்டிவிடேன். நாலே நாலு வெட்டு."

மனைவி உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். "நான் தொட்டா மரம் செத்துப்போகும்னு சொன்னது யாரு?"

ஏழு வருஷத்துக்கு முன்னால், துணி காயப்போடும்போது மூக்கில் இடிக்கிறது என்று ஒரு சின்னக் கிளையை அவள் கிள்ளிவிட்டாள். நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. ஒரு வேளை என்று அவள் சொல்வாள், நம்பாதீர்கள். அன்று கோபத்தில் கொலைகாரி, நீ தொட்டால் மரம் செத்துப்போகும் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சட்டி இருக்கும் தட்டைக்கூட அவள் துடைப்பதில்லை. மரத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், எவ்வளவு செய்தாலும் திருப்தி கிடையாது, வீட்டுப் பிள்ளை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான் என்பது அவள் விளக்கம். நான் விழுந்த பிறகு தண்ணீர் மட்டும் ஊற்றினாள். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுடீ."

"ஏழு வருஷமா வாபஸ் வாங்காத பேச்சு. இப்பக் கை போனதும் வாபஸா? நீங்க சொன்னதெல்லாம் பலிச்சிரும்னு எனக்குப் பயம்ங்க. தம்பியை வரச்சொல்றேன். கம்பின்னா அவன் கைதான்."

அவள் தம்பி, என் மைத்துனன், மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன பம்பு மோட்டாரையும் மாவு மிஷினையும் பிரித்து, உள்ளே செம்புக் கம்பியை ஆயிரம் சுற்று சுற்றி உயிர் கொடுப்பான். என் கிளையில் இருந்ததே அவன் கடையிலிருந்து வாங்கிவந்த கம்பிதான். இவனைவிட்டால் வேறு யார் என்று நானும் குளிர்ந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். வார்னிஷ் வாசனை அவனுக்கு முன்னால் வந்தது.

"என்ன மாமா, ரெண்டு கையிலயும் தலகாணி உறையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

"மாப்ள, கிண்டல் அப்புறம். அந்த டிராயர்ல கட்டிங் பிளேயர் இருக்கு, எடு. சுத்துக்கு ஒரு வெட்டு. பிரிக்காதே, வெட்டு."

"சரி மாமா."

"என்ன சொன்னேன், சொல்லு?"

"வெட்டணும். அட, எனக்கே கம்பிப் பாடமா? நீங்க பேசாம இருங்க."

சட்டியை என் கைக்கெட்டும் கீழ்த்தட்டில் இறக்கிவைத்துவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுத்தான். கிளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அங்கேயே நின்றுவிட்டான். வெட்ட அவனுக்குக் கை வரவில்லை. அவன் தொழிலில் சுற்றின் நடுவில் கம்பியை வெட்டினால் அங்கே ஒட்டுப்போட வேண்டும், ஒட்டு சூடாகும், மோட்டார் எரியும். பன்னிரண்டு வயதில் தொழில் கற்கப் போனபோது, இரண்டு வருஷம் கம்பியைப் பிரிக்கத்தான் விட்டார்களாம். ஒரு முறை அறுந்ததற்கு முதலாளி கொடுத்த அறை இன்னும் காதில் ரீங்காரம் போடுகிறது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அது அத்தனையும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தான். கம்பியின் நுனியை நகத்தால் நெம்பினான்.

நான் வாயைத் திறந்தேன். அதே நொடியில், பக்கத்தில் சூப்போடு காத்திருந்த என் மனைவி, பசிக்குத்தான் திறக்கிறேன் என்று ஒரு ஸ்பூனை உள்ளே தள்ளிவிட்டாள். எரிமலைக் குழம்பு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, அவளைத் தள்ளிவிடக் கையும் இல்லை. "ம்ம்! ம்ம்ம்!" என்று தலையை ஆட்டினேன்.

"நல்லாயிருக்கா? உப்பு கம்மியாப் போட்டேன், டாக்டர் சொன்னாரே."

முதல் சுற்று வந்தது. இரண்டாவது சுற்று வந்தது. என்ன லாவகம்! பழம் உரிப்பதுபோல உரிக்கிறான். நாற்காலியில் நான் துள்ளினேன். "மாமாவுக்கு சந்தோஷத்தைப் பாருக்கா" என்று மைத்துனன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மூன்றாவது சுற்றில் கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. வரவில்லை. வலக்கையால் கம்பியை இழுத்து, இடக்கையால் கிளையைத் தாங்கினான்.

தீக்குச்சி முறிகிற சத்தம். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

சூப்பை விழுங்கினேன். கிளை ஒரு பக்கத்துப் பட்டையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மைத்துனன் அதைக் கைக்குழந்தையின் தலையைத் தாங்குவதுபோலத் தாங்கிக்கொண்டு நின்றான்.

"மாமா..."

"விடு மாப்ள."

"பச்சையா இருக்கும்போது கட்டிட்டா ஒட்டிக்கும்ல மாமா?"

"ஒட்டலாம்."

காயில்மேல் சுற்றும் பருத்தி நாடா அவன் பையிலேயே இருந்தது. அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். அவ்வளவு அழகான கட்டை என் கைகளுக்கு எந்த டாக்டரும் போடவில்லை. மேலே வார்னிஷ் பூசட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். போகும்போது, பிரித்த கம்பியை வளையமாகச் சுற்றி மேசைமேல் வைத்தான். "ஒரு வெட்டு இல்ல" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்தக் கிளையில் நாற்பத்தொரு இலை இருந்தது. வேறு வேலை இல்லாததால் எண்ணியிருந்தேன். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஓர் இலை மஞ்சளானது. என்னாலானது அதை முறைத்துப் பார்ப்பதுதான், முறைத்தேன். மறுநாள் விழுந்தது. அப்புறம் தினம் நாலைந்து. ஒவ்வொன்று விழும்போதும், என் மூக்கு அரிக்கும்போது செய்வதைப் போலவே, மனைவியைக் கூப்பிடுவேன். அவள் வந்து பார்ப்பாள். மூக்கையாவது சொறிந்துவிடலாம், இதற்கு என்ன செய்வாள்? ஒரு நாள் கிளம்பிப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நானே வெட்டியிருக்கலாம்ங்க" என்றாள்.

"நான் அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்திருக்கலாம்."

"ஆமா, அதுவும்தான்" என்று எழுந்து போய்விட்டாள்.

மைத்துனன் தினமும் கடை அடைத்துவிட்டு வந்தான். காயிலைச் சோதிப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைப் பார்ப்பான். "இன்னும் இருபது இருக்கு மாமா" என்பான். "இன்னும் ஒன்பது இருக்கு." அப்புறம் எண்ணிக்கை சொல்வதை விட்டுவிட்டான்.

ஆறாவது வார முடிவில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து என் கைகள் வரவில்லை. யாரோ நோஞ்சான் ஆசாமியின் கைகள் வந்தன. விரல் மடங்கவில்லை. டம்ளர் பிடிக்க ஒரு மாதமாகும், கத்தரி பிடிக்க மூன்று மாதம் என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு மைத்துனன் ஒரு துணிப்பையோடு வந்தான். பையை மேசையில் கவிழ்த்தான். வேலியிலிருந்து ஒடித்த குச்சிகள், முப்பது இருக்கும். நூறு என்று சொல்லத்தான் ஆசை. ஒரு குச்சியின்மேலும் நகக்கீறல்கூட இல்லை. கூடவே, சுண்டுவிரல் நகம் அளவில் செம்புக் கம்பித் துண்டுகள் ஒரு கைப்பிடி மேசையில் உருண்டன.

"சுத்திச் சுத்தி வெட்டிப் பழகினேன் மாமா. முதல்ல கை வரல. இப்பப் பட்டையில படாம வெட்ட வருது" என்றான். "மேசையிலேருந்து உங்க கம்பியைத்தான் முதல்ல எடுத்துட்டுப் போனேன். அந்த முழுக் கம்பியும் தீர்ந்துபோச்சு, அப்புறம் கடைக் கம்பி."

எனக்குப் பேச்சு வரவில்லை. வாயில் சூப்பும் இல்லை.

"இப்ப என்ன செய்யணும் மாமா?"

"காஞ்ச கிளையை அடியோட எடுக்கணும். விட்டா அழுகல் தண்டுக்கு ஏறும்."

ஒரே வெட்டு. சுத்தமான வெட்டு. நானே அப்படி வெட்டியிருக்க மாட்டேன். கிளையைத் தூக்கிப்போட மனமில்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

மரத்தின் அந்தப் பக்கம் வெறும் வெளிச்சமாக இருந்தது. களிமண் ஆள் காலை நீட்டிக்கொண்டு நடு வெயிலில் உட்கார்ந்திருந்தான். தண்டுக்குப் பின்புறம் கொஞ்சம் நிழல் விழுந்தது, அங்கே நகர்த்திவிடலாம் என்று கையை நீட்டினேன். விரல் மடங்காமல் இடித்ததில் அவன் குப்புற விழுந்தான். எடுத்து நிறுத்த இரண்டு தடவை முயன்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனான்.

உள்ளே மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வந்திருப்பாள். கூப்பிடவில்லை. வெயில் தட்டைவிட்டு நகரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.