சேனை வைத்த விரல்

வெங்கடேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயதில்தான் முதன்முதலாக ஒரு பிள்ளை நெஞ்சில் படுத்தது. பிள்ளை என்று சொல்லவே வாய் கூசும். ஆயிரத்து முன்னூறு கிராம். ராஜபாளையத்து நூல் மில்லில் அவள் தினமும் தூக்கி வைக்கிற ஒரு கோன் நூல் இதைவிடக் கனக்கும். ஏழு மாதத்திலேயே என்ன அவசரமோ, வந்துவிட்டது தம்பி மகள். பெற்றவள் மாரீஸ்வரிக்குப் பிரசவத்தோடு பிரசவமாக வலிப்பு வந்து, நினைவு தப்பி, அன்றைக்கே ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் அம்மா சீனியம்மாளும் கூடவே ஏறிப் போய்விட்டாள். பிள்ளையை அவ்வளவு தூரம் அசைக்கக் கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். ஆக, தாய் ஒரு ஊரில், மகள் ஒரு ஊரில். மாரீஸ்வரி மகள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் நர்ஸ் பரிபூரணம் வெளியே வந்தாள். "பாப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. இனி நெஞ்சுச்சூடு வேணும். அம்மா இல்லைன்னா வீட்டுப் பொம்பளை யாராச்சும் தோலோட தோலா நெஞ்சுல போட்டு வச்சுக்கிடணும். யார் இருக்கீங்க?"

தம்பி சமுத்திரம் அக்காவைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியாதா என்ன! மூன்று வாரத்துக்கு முன்னால்தான் மாரீஸ்வரிக்கு வளைகாப்பு நடந்தது. "பத்தொம்பது வருசமா வயித்துல ஒண்ணு தங்காதவ கை எம்மக மேல படக் கூடாது" என்று சீனியம்மாள் சபையில் சொன்னாள். தம்பி வாயைத் திறக்கவில்லை. வெங்கடேஸ்வரி கொண்டுபோன கண்ணாடி வளையலைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கினாள். வேறு எங்கே போய் நிற்க?

"நான் இருக்கேன் சிஸ்டர்" என்றாள் இப்போது.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முன்பக்கம் திறக்கிற அங்கியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒயரும் டியூப்புமாகப் பிள்ளையைத் தூக்கி, காலை மடக்கி அவள் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டார்கள். செத்த நேரத்தில் மிஷினில் மூச்சைக் காட்டுகிற பச்சை எண் ஏறியது. "பாத்தீங்களா, உங்க சூடு அவளுக்குப் பிடிச்சுப் போச்சு" என்றாள் பரிபூரணம். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படியொரு வார்த்தை சொன்னதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குலுங்கினால் பிள்ளை முழித்துவிடுமே என்று அதையும் விழுங்கிக்கொண்டாள்.

மில்லுக்கு லீவு சொன்னாள். விடிந்ததும் ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். அவள் புருஷன் சுயம்புலிங்கம் தானே உலை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டார், நல்ல மனுஷர். பக்கத்து நாற்காலியில் மாஜிதா, இருபத்து நாலு வயதுப் பெண், அவளும் தன் குறைமாத மகனை நெஞ்சில் போட்டபடி உட்கார்ந்திருப்பாள். ஒருத்தி பிள்ளை கொட்டாவி விட்டால் இன்னொருத்தி சிரிப்பாள். மாஜிதாவுக்குப் பால் தாராளம். மகனுக்குப் போக மிஞ்சியதைப் பீய்ச்சி ஆஸ்பத்திரிப் பால் வங்கிக்குக் கொடுத்துவிடுவாள். வெங்கடேஸ்வரியின் நெஞ்சில் கிடக்கிற பிள்ளைக்கு அங்கிருந்துதான் டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பால் போனது.

இதோடு விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஏழாம் நாள் சாயங்காலம் மதுரையிலிருந்து சீனியம்மாள் சமுத்திரத்துக்குப் போன் போட்டாள். மகளுக்கு நினைவு திரும்பிவிட்டது, ஆனால் இன்னும் சில நாள் இருக்கச் சொல்கிறார்கள் என்றாள். கடைசியில், "வெள்ளிக்கிழமை நான் வந்து பிள்ளைக்குச் சேனை வைக்கேன். அதுக்குள்ள உங்க அக்கா கிக்கா எதையும் வச்சுத் தொலைச்சிரப் போறா, சொல்லி வைங்க" என்றாள். ஸ்பீக்கரில் கிடந்தது போன். வெங்கடேஸ்வரி பக்கத்தில்தான் நின்றாள்.

சேனை என்பது ஒன்றுமில்லை, பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணியைத் தொட்டு வைப்பது. வைத்தவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள் நம்ம பக்கத்தில். நல்ல குணமுள்ளவர்களைத் தேடிப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். அந்த வார்டில் அதெல்லாம் கூடாது என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. ஆனால் வெங்கடேஸ்வரிக்கு அன்றைக்குக் கண் சுவரில் இல்லை. நான் சூடு கொடுப்பேன், நான் பீத்துணி மாத்துவேன், சேனை மட்டும் அவ வந்து வைப்பாளோ என்று உள்ளுக்குள் கொதித்தது. பெற்றுக்கொள்ளத்தான் கொடுத்து வைக்கவில்லை, குணமாவது என் குணம் வரட்டுமே என்று ஒரு ஆசை. ஆசைதான், வேறென்ன.

மறுநாள் மத்தியானம் டீக்கடையில் ஒரு கரண்டி சீனியைத் தாளில் மடித்து வாங்கி, பாட்டில் மூடியில் போட்டு, வராந்தாக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கரைத்தாள். மூடியைக் கைக்குட்டையில் பொத்தி உள்ளே கொண்டுபோனாள். பரிபூரணம் அடுத்த பெட்டியைப் பார்க்கத் திரும்பிய நேரம், சுண்டுவிரலால் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைத்தாள்.

பத்தாம் நாள் காலையில் பிள்ளை வயிறு ஊதியது. குடித்த பால் பச்சையாகத் திரும்பி வந்தது. மூச்சு நின்று நின்று வர, நெஞ்சிலிருந்து பறித்துக்கொண்டு போய் மறுபடி பெட்டிக்குள் வைத்தார்கள். டாக்டரம்மா வந்து சமுத்திரத்தையும் அவளையும் நிறுத்திக் கேட்டார். "குடல்ல கிருமி பரவுற மாதிரி இருக்கு. பாலை நிப்பாட்டிட்டோம். வாயில ஏதாவது வச்சீங்களா? தேன், சீனித் தண்ணி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன். எந்த மருந்து போடணும்னு பாக்கணும்."

"யாரும் ஒண்ணும் குடுக்கல டாக்டர்" என்றான் சமுத்திரம். "எங்க அக்காதான் கூட இருக்கா. அவ அப்பிடிப்பட்ட ஆளில்ல."

வெங்கடேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இந்தக் கதவுக்குள் மறுபடி விடமாட்டார்கள்; இந்தப் பிள்ளையை இனி ஜென்மத்துக்கும் தொட முடியாது. மலடி கைபட்டுத்தான் இப்படியாச்சு என்று ஊரே சொல்லும். சொல்லாவிட்டால்? அதற்கும் அவளுக்கு விடை தெரிந்தே இருந்தது. தெரிந்தும் நின்றாள். பாவி மனசு அவளை நிற்க வைத்தது.

சமுத்திரத்துக்கு யார் மேலாவது பாய வேண்டும் போல இருந்தது. மாஜிதாதான் கிடைத்தாள். "எவ பாலையோ ஊத்துனீங்கள்ல, அதான் எம்புள்ளைக்கு ஒத்துக்கிடல" என்று வராந்தாவில் நின்று கத்தினான். காய்ச்சி, சோதித்துத்தான் கொடுக்கிறோம் என்று பரிபூரணம் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. "அண்ணே, எம்மகனும் அதத்தான குடிக்கான்" என்றாள் மாஜிதா.

இரண்டு மணி நேரம் கழித்து வெங்கடேஸ்வரி பார்த்தபோது, மாஜிதா பால் பீய்ச்சாமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நைட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. "எம்பாலு ஆகாதுன்னா எதுக்குக்கா எடுக்கணும்? யாருக்கு என்ன ஆயிருமோன்னு இருக்கு. இவனுக்குக் குடுக்கவும் பயமா இருக்கு" என்றாள்.

அதற்கு மேல் வெங்கடேஸ்வரியால் நிற்க முடியவில்லை. நேரே டாக்டரம்மா அறைக்குப் போனாள். "நான்தான் வச்சேன். சீனித் தண்ணி. குழாய்த் தண்ணியில கரைச்சு, முந்தாநேத்து மத்தியானம். அந்தப் பிள்ள பாலு மேல ஒரு குத்தமும் இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

டாக்டரம்மா எழுந்து போய் மருந்தை மாற்றச் சொல்லிவிட்டு வந்தார். "இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு ஒண்ணுமே குடுக்காமலும் இது வரும். ஆனா நீங்க செஞ்சது தப்பு" என்றார். வெங்கடேஸ்வரி தலையை ஆட்டினாள். வெளியே சமுத்திரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அடித்திருந்தால்கூடத் தேவலை. "வளைகாப்புல எங்க அத்த சொன்னப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும்" என்றான். "வீட்டுக்குப் போ. இங்ஙன நிக்காத."

அவள் போகவில்லை. அடுத்த மூன்று நாளும் பஸ் ஏறி வந்து ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பரிபூரணம் டீக்குப் போகிற சாக்கில் வெளியே வந்து, "இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். பதின்மூன்றாம் நாள் காலையில் பரிபூரணம் வரவில்லை. சமுத்திரம்தான் வந்தான், கையில் வெள்ளைத் துணி. அக்காவைத் தாண்டிப் போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டான். அவள் ஆட்டோவுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். பிறகு நின்றுவிட்டாள்.

அடக்கம் செய்த இடத்தைக்கூட யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மூன்று வாரம் போனது. மில்லுக்குப் போனாள், வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுத்திரம் போன் போட்டான். "மாரீஸ்வரிய மம்சாபுரத்துல அவ அம்மா வீட்டுக்குக் கூட்டியாந்தாச்சு. உன்ன வரச் சொல்லுதா" என்றான். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று புறப்பட்டாள்.

வாசலில் சீனியம்மாள் மறித்தாள். "என்ன துணிச்சல்ல எம்வீட்டு நடை ஏறுத?"

"நான்தான் வரச் சொன்னேன்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "நீ செத்த வெளிய இரும்மா."

மாரீஸ்வரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. வெங்கடேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே, "மாரி, நான்தான்" என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். அவிய சொல்லிட்டாக."

"அவன் சொல்லாதது ஒண்ணு இருக்கும். டாக்டரம்மா கேட்டப்ப நான் சொல்லல. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் சொன்னேன். பயந்துட்டேன். அத யார்ட்டயும் இது வரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்ல."

மாரீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். "டாக்டரு உங்களாலதான்னு சொல்ல முடியாதுன்னாகளாம். அது எனக்கு ஆறுதலா இல்ல மதினி. நான் மன்னிப்பேன்னு மட்டும் நெனைச்சிராதீக."

"நெனைக்கல."

"நான் பெத்தேன். மொகம் தெரியாது. அவிய போன்ல ஒத்த போட்டோ இருக்கு, அதுல டியூப்பும் பிளாஸ்திரியுந்தான் தெரியுது. அவிய கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தாக. எங்கம்மா வெள்ளிக்கிழமன்னு சொல்லிட்டு வந்து பாக்கவே இல்ல. அவள வச்சிருந்தது நீங்க ஒருத்திதான். உக்காருங்க. எப்பிடி இருந்தான்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

வெங்கடேஸ்வரி தரையில் உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "எடது காது மடங்கியிருக்கும்" என்றாள். "நிமித்திவிட்டா பொறவும் மடங்கிக்கிடும். தோள்பட்டையெல்லாம் பூனைமுடி. தும்முனா ஒண்ணோட நிக்க மாட்டா, ரெண்டு போடுவா. போட்டுட்டு அவளே திடுக்குன்னு முழிப்பா."

"கண்ணு?"

"உங்கண்ணுதான்."

"அழுவாளா?"

"சத்தம் வராது. வாய் மட்டும் கோணிக்கிடும்."

மாரீஸ்வரிக்குக் கண்ணீர் கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை. "ம்" என்றாள். வெங்கடேஸ்வரி ஆறாம் நாளைச் சொன்னாள், ஏழாம் நாளைச் சொன்னாள். வெளியே சீனியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள்; இவள் சொல்லிக்கொண்டே போனாள். எட்டாம் நாள் மத்தியானத்துக்கு வந்ததும் அதைத் தாண்டி ஒன்பதாம் நாளுக்குப் போகப் பார்த்தாள்.

"அதையும் சொல்லுங்க" என்றாள் மாரீஸ்வரி. "நாக்குல வச்சீகளே, அப்ப என்ன செஞ்சா?"

"வேண்டாம் மாரி."

"சொல்லுங்க மதினி. எம்மகளுக்கு இனிச்சுதா?"

வெங்கடேஸ்வரி தன் சுண்டுவிரலைப் பார்த்தாள். "இனிச்சது" என்றாள். "சப்புனா. சப்பிட்டு, இன்னும் வேணும்னு நாக்க நீட்டுனா."

மாரீஸ்வரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். அழுது ஓய்ந்ததும், முகத்தைத் திருப்பாமலேயே, "பொறவு?" என்று கேட்டாள்.