சொல்ல மட்டும் ஸ்பானிஷ்

பூட்டுக்கடை முதலாளி எதையும் பேரம் பேசாமல் வாங்கியதில்லை. ஸ்பானிஷ் மொழியையும் அப்படித்தான் வாங்கினார்.

"கட்டிக்கப் போற பொண்ணுகிட்டப் பேசத்தான். மொத்த மொழியும் எதுக்கு டீச்சர்? காதல் சமாசாரம் மட்டும் குடுங்க. அதுலயும் நான் சொல்றது போதும். அவ சொல்றது வேண்டாம்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், மேல்படிப்புக்குப் போகிறவர்கள் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்தவர். பாதி மொழி கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"அவ பதில் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"சிரிப்பேன். கல்யாணம் ஆன ஆம்பளை எல்லாரும் அதைத்தானே பண்றான்?"

"போன்லயே மொழிபெயர்ப்பு வருமே முதலாளி?"

"பொண்ணுகிட்ட மெஷினை விட்டுப் பேசினா நல்லாவா இருக்கும்? தவிர, அது ரெண்டு பக்கமும் பேசும்."

கடைக்கு மேலே மாடியில், மதியம் பாடம். முதல் வாரம் 'மி அமோர்', என் அன்பே. 'தே கியேரோ', உன்னை விரும்புகிறேன். முத்தத்துக்கு 'பேசோ'. எல்லாவற்றையும் அவர் கல்லாவில் உட்கார்ந்து விலை சொல்லும் குரலிலேயே சொன்னார். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டாம் வாரம் பில்லின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிவந்தார். எனக்கு மட்டும். யாரிடமும் பேசாதே. சாவி என்னிடம் இருக்கும். காத்திரு.

"இதெல்லாம் காதல் வார்த்தையா முதலாளி?"

"எங்க வீட்டுல இதுதான். முதல் சம்சாரத்துக்கும் இதுதான்."

காத்திரு என்பதற்கு 'எஸ்பேரா'. அது மட்டும் அவர் வாயில் நுழையவே இல்லை.

முதல் மனைவியைப் பற்றிக் கடையாட்களிடம் டீச்சர் பேச்சுவாக்கில் விசாரித்தார். "ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் கணக்கர். "ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் ஆணி எடை போடுகிறவர். அதே ஏற்றம், அதே இறக்கம். மனப்பாடம் எப்படி ஒலிக்கும் என்று டீச்சருக்குத் தெரியாதா?

மூன்றாம் வாரம் பக்கத்து அறைக் கதவில் தச்சர் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். வரப்போகிறவளுக்கான அறை.

"வெளிப்பக்கம் அடிக்கிறாரே, தப்பில்ல?"

"போன தடவை உள்பக்கம் வெச்சேன். அதுதான் தப்பாப் போச்சு" என்றார் முதலாளி.

அன்றைக்கே அவள் போனில் வந்தாள். ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள். ஏப்ரனெல்லாம் மாவு. நாளை மறுநாள் விமானம். முதலாளி டீச்சரோடு அறைக்குள் போய்க் கட்டில், பீரோ, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் சிரித்தபடியே ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறா?"

ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தாள். டீச்சர் சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் சுவர்.

"அறை நல்லா இருக்காம்."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க."

டீச்சர் போனருகே குனிந்தார். முகத்தில் சிரிப்பு, குரலில் தேன். "நோ வெங்காஸ், மி அமோர்." வராதே, என் அன்பே. ஜன்னல் கிடையாது. தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது.

'மி அமோர்' மட்டும் காதில் விழுந்து முதலாளி திருப்தியாகத் தலையாட்டினார்.

மாவு தட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "கிராசியாஸ்" என்றாள். நன்றி. இணைப்பு அறுந்தது.

"அதுக்குள்ள வெச்சுட்டாளே?"

"வெட்கம்."

"இருக்கும்." போனை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "ஒரே சரக்கை ரெண்டு தராசுல நிறுத்துப் பார்க்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது டீச்சர். ஒவ்வொரு போன் காலும் இதுல ரெகார்டு ஆயிருக்கு."

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. தச்சர் படியிறங்கிப் போகும் ஓசை.

"நான் கிளம்பறேன். வீட்டுல தேடுவாங்க."

"யாரு தேடுவாங்க? தனியாத்தானே இருக்கீங்க?"

போன் மொழிபெயர்த்துப் பேசியது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "வராதே, என் அன்பே. ஜன்னல் கிடையாது."

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. எடை குறைந்த மூட்டையைப் பார்ப்பதுபோல டீச்சரைப் பார்த்தார். அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எஸ்பேரா" என்றார்.

மூன்று வாரத்தில் முதல்முறையாக, உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.