முதல் குழி

மேசையில் குவிந்து கிடந்த கறுப்பு டீ-சர்ட்டுகளில் ஒன்றை எடுத்துக் கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, தோளிலும் பக்கவாட்டிலும் நீட்டிக்கொண்டிருந்த பிசிறுகளை மயிலாள் வெட்டினாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஓட்டை விழுந்த பீஸ் இடது பக்கம், எண்ணெய்க் கறை பட்டது வலது பக்கம். காலை எட்டரைக்கு நின்றவள் இன்னும் உட்காரவில்லை. உட்கார்ந்து பார்த்தால் வேலை ஓடாது என்று செக்கிங் மேசைக்கு ஸ்டூல் போடுவதை இந்தக் கம்பெனியில் நிறுத்தி ஒரு வருஷமாகிறது. அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது.

சூப்பர்வைசர் வேல்குமார் மெஷின்களின் இரைச்சலுக்கிடையே அவள் காதருகில் குனிந்தான். "அண்ணாச்சி கூப்புடறாருங்க. ஆபீசுக்கு வரச் சொன்னாரு."

அண்ணாச்சி என்பது ஜெபத்துரை. கம்பெனிக்கு முதலாளி. கரட்டுப்புதூர் சபைக்குச் செயலாளரும் அவர்தான். மயிலாளும் அதே சபைதான் என்பதால் வாரத்தில் ஏழு நாளும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"உக்காருங்க மயிலக்கா" என்றார். எதிர் நாற்காலியில் சாம்பிள் துணிகள் அடுக்கியிருந்தன. அவள் நின்றாள்.

"நம்ம கல்லறைத் தோட்டத்து விசயம். வேன் உள்ள வந்து திரும்ப மாட்டேங்கு. போன மழையில பெட்டியத் தூக்கிட்டு வந்தவங்க சறுக்கி விழுந்ததை நீங்களே பாத்தீங்க. வாசல்லருந்து கடைசி வரைக்கும் சிமெண்டுக் கல்லு பதிக்கப் போறோம். கமிட்டியில முடிவாயிட்டு."

"நல்லதுங்க."

"மாரப்பண்ணன் கல்லறை அந்த வழியில வருது."

மாரப்பன் அவளுடைய கணவர். மயிலாள் கையில் இன்னும் கத்தரி இருந்தது. அதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "வழியக் கொஞ்சம் ஒதுக்கிப் போடலாமுங்க. எடது பக்கம் சும்மாதானுங்க கெடக்குது."

"அது குடும்பக் கல்லறைக்குன்னு பேரு பதிஞ்சு குடுத்தாச்சு." ஜெபத்துரை ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இருபத்தாறு வருசம் ஆயிட்டு அக்கா. எலும்புகூட இருக்காது. சபை முப்பதாம் ஆண்டு மலர்ல அண்ணன் பேரப் பெருசாப் போடச் சொல்லுதேன். நீங்க சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போட மாட்டனுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"அந்தக் குழிய வெட்டுனதே நீங்கதானுங்க. கடப்பாரையப் புடிச்சு உங்க உள்ளங்கை பிஞ்சு போச்சு. நாந்தான் துணி சுத்தி உட்டேன்."

ஜெபத்துரை தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். "அன்னைக்கு நெலம வேற. போயி வேலையப் பாருங்க."

*

சபை உண்மையில் 1991இல் தொடங்கியது. கரட்டுப்புதூர்க் காலனியில் மாரப்பனும் மயிலாளும் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் ஞாயிறு காலைகளில் ஆறேழு பேர் கூடினார்கள். மாரப்பன் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தார். அந்த வாரம் ஓடிய சாயம் எதுவோ அந்த நிறத்தில் அவருடைய நகங்கள் இருக்கும். அவர்கள் பாடத் தொடங்கினால் ஓட்டின்மேல் கல் விழும். மாரப்பனின் கூடப்பிறந்த அண்ணனே தெருக்குழாயில் இவர்கள் குடத்தை வைக்க விடவில்லை. மயிலாள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது அந்த அறையில்தான்.

1995 வாக்கில் தெற்கிலிருந்து தையல் வேலைக்கு வந்தவர்கள் சபையில் சேர்ந்தார்கள். ஜெபத்துரை அவர்களில் ஒருவர். அப்போது ஓவர்லாக் டெய்லர், மயிலாளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு ஞாயிறு மதியம் அவள் வீட்டில்தான் சாப்பிடுவார். அந்த வருஷமே சபையைப் பதிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதால் படிவத்தில் அவர்கள் பெயர்கள் மட்டும் இருந்தன. மாரப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1999இல் கழிவுநீர்த் தொட்டியைக் கழுவ இறங்கிய மாரப்பன் உயிரோடு மேலே வரவில்லை. சாமி மாறியவனுக்கு எங்கள் சுடுகாட்டில் குழி கிடையாது என்று காலனியார் சொல்லிவிட்டார்கள். டவுனில் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில், எங்கள் சபை ஆள் இல்லை என்றார்கள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே உடலை வைத்துக்கொண்டு சபையார் பதினொரு பேர் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒன்றரை நாள் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. இரண்டாம் நாள் மதியம் ஓடையோரப் புறம்போக்கு அரை ஏக்கரைக் காட்டி, அங்கே புதையுங்கள் என்றார்கள். பாறை மண். நாலு பேர் மாறி மாறி வெட்டியும் இடுப்பளவு ஆழம்தான் போனது.

*

முப்பதாம் ஆண்டு மலரில் சபை வரலாற்றை எழுதியவள் சித்ரகலா. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். இரண்டு நாள் மயிலாளின் வீட்டுக்கு வந்து, அவள் சொன்னதையெல்லாம் செல்போனில் பதிந்துகொண்டு போயிருந்தாள்.

மலர் வெளியிட்ட ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பியிருந்தது. ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மயிலாள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். 1995இல் சகோதரர் ஜெபத்துரை அவர்களின் இல்லத்தில் சிறு ஜெபக்கூட்டமாகத் தொடங்கியது என்று இருந்தது. அதற்குப் பின் ஆலயம் கட்டியது, மணி வாங்கியது, மேளதாளத்தோடு பிரதிஷ்டை செய்தது. நடுவில் ஒரு வரி: 1999ஆம் ஆண்டு அரசு நமது சபைக்குக் கல்லறைத் தோட்டத்துக்கான இடத்தை ஒதுக்கித் தந்தது. மயிலாள் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தேடினாள். மாரப்பன் பெயர் எங்கும் இல்லை.

போதகர் நன்றி ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னபோது அவள் எழுந்தாள்.

"ஒரு வார்த்தைங்க. அரசாங்கம் எடம் குடுத்துச்சுன்னு போட்டிருக்கறீங்க. எதுக்குக் குடுத்துச்சுன்னு போடுலீங்களே."

"அம்மா, உக்காருங்க. ஆராதனை முடியட்டும்" என்றார் போதகர்.

"ஒரு பொணத்தை வெச்சுட்டுக் குந்தியிருந்து வாங்குன எடமுங்க அது. அந்தப் பொணத்தோட பேரு இதுல இல்லீங்க."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் குரல், சத்தம் போடாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது: "காலனி ஆளுகளக் கூட உக்கார வெச்சா இப்பிடித்தாம்."

போதகர் கீழே பார்த்தார். முதல் வரிசையில் ஜெபத்துரை கண்ணை மூடியபடியே இருந்தார். ஜெபம் தொடங்கியது.

வெளியே செருப்பு மாட்டும்போது சித்ரகலா அருகே வந்தாள். "நான் நாலு பக்கம் எழுதிக் குடுத்தனுங்க. கமிட்டியில வெட்டிட்டாங்க."

"எந்திரிச்சு அதையாச்சும் சொல்லியிருக்கலாம் கண்ணு" என்றாள் மயிலாள்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் வேல்குமார் நின்றிருந்தான். "ஆர்டர் கொறஞ்சு போச்சுங்க. தேவைப்பட்டாச் சொல்லியனுப்பறமுங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு பேசினான். உள்ளே அவளுடைய மேசையில் சனிக்கிழமை மிஞ்சிய கறுப்பு பீஸ்கள் அப்படியே குவிந்திருந்தன. ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் அவற்றை எடுத்து வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை என்பதால் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரிடம், மாரப்பன் கல்லறைமேல் பாதை போடக் கூடாது என்று சொல்லி எழுதி வாங்கி, வரிசையில் நின்று கொடுத்தாள்.

*

மூன்று வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வருவாய் ஆய்வாளர் சென்னியப்பன் மனுவை இரண்டு முறை படித்தார். தன்மையான ஆள்.

"சபைக் கல்லறை ரிஜிஸ்டரைப் பாத்தமுங்கம்மா. 2003லிருந்துதான் பேரு இருக்குது. அதுக்கு முன்னால ஏதாச்சும் எழுத்துல இருக்குதுங்களா?"

மயிலாள் விழா மலரை எடுத்துக் கொடுத்தாள். அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அவர் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துப் படித்தார்.

"எடம் ஒதுக்குனாங்கன்னு இருக்குது. யாரையும் பொதச்சதா இல்லீங்களே."

"எழுதாம உட்டுட்டாங்க சாமி."

"எழுத்துல இல்லாததை நான் எப்பிடிங்க ரிப்போர்ட்டுல எழுதறது? குழி வெட்டுன ஆளுக யாராச்சும் இருக்கறாங்களா?"

நாலு பேரில் இருவர் செத்துப்போனார்கள். ஒருவர் சோமனூர்ப் பக்கம் தறிக்குப் போனவர், விலாசம் தெரியாது. மிச்சம் ஒருவர்தான். சென்னியப்பன் அவருடைய எண்ணுக்குப் போன் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்பிடி எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றார் ஜெபத்துரை. "ரொம்ப வருசமாயிட்டுல்லா. அந்த அம்மாவுக்கு வயசாயிட்டு, பாவம். எங்க கம்பெனியிலதான் இருந்தாங்க."

சென்னியப்பன் போனை வைத்துவிட்டு மனுவை மயிலாள் பக்கம் திருப்பி, விசாரித்து முடித்ததாகக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். அவள் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள்.

*

சிமெண்டுக் கல் பாதையில் முதல் வேன் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். சபையில் மூத்த ஒருவர் இறந்திருந்தார். வேன் வாசலுக்குள் பின்பக்கமாகவே வந்து, கடைசி வரை போய், தடையில்லாமல் நின்றது. "இப்பம் எவ்வளவு சௌகரியமாப் போச்சு பாத்தீங்களா" என்று யாரோ சொன்னார்கள். பெட்டியை இறக்கினார்கள்.

கல்லறைகளுக்கிடையே செருப்போடு நடக்கக் கூடாது என்று வாசலில் கமிட்டி புதிதாகப் பலகை வைத்திருந்தது. வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் பாதையின் தொடக்கத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஒன்று, இரண்டு என்று சேர்ந்து, பாடல் தொடங்கும்போது மாரப்பனின் குழி இருந்த அந்த இடமே தெரியாத அளவுக்குச் செருப்புகள் குவிந்துவிட்டன.

மயிலாள் அங்கேயே, பாதையோரத்து மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கை எட்டும் தூரத்தில் கிடந்த செருப்புகளை ஒவ்வொரு ஜோடியாக எடுத்து ஓரமாக வைக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் சிமெண்டுக் கல் தெரிந்தது. சாம்பல் நிறக் கல்லுக்கு நடுவே சிவப்புக் கல், வரிசை மாறாமல் பதித்திருந்தார்கள்.

கோயமுத்தூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். பெட்டியை மூடப் போகிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் ஒரு காலில் நின்று ஷூவைக் கழற்றி, அவள் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் பார்த்து வைத்தார்.

"இதையுங் கொஞ்சம் பாத்துக்கங்கம்மா, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.