தெவசச் சமையலுக்கு ஒரு விளம்பரம்

கிட்டு செய்த தொழிலில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது. தெவசத்தன்று இலையில் உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேசக் கூடாது என்பது விதி. கடைசியில் வீட்டுக்காரர் "திருப்தியா" என்று கேட்பார், அவர்கள் "திருப்தி" என்பார்கள். அதுவும் சடங்கிலேயே இருக்கிறது. பாயசம் அடிப்பிடித்திருந்தாலும் திருப்திதான்.

சமைக்கிறவன் நிலைமை இன்னும் மோசம். பித்ருக்களுக்குப் போவதை முன்னால் வாயில் போட்டுப் பார்க்க முடியாது. மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, பெருங்காயம் கிடையாது. மிளகையும் சீரகத்தையும் வைத்துக்கொண்டு, உப்பை விரலாலேயே நிதானித்து, இருபது பேருக்குச் சமைத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லவும் கூடாது. காரியம் நடந்த வீட்டில் மறுபடி வருகிறேன் என்று எவனாவது சொல்வானா? தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிவிட வேண்டும். ஆறு வருஷமாகக் கிட்டு செம்பாக்கத்திலும் சேலையூரிலும் வீடு வீடாகப் போய், அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

அந்த ஆறு வருஷமும் அவனைத் தேடி யாரும் வந்ததில்லை என்பதுதான் விஷயம். தெவசம் பண்ணிவைக்கிற வாத்தியார் சொல்வார், இவன் போவான். அந்த வாத்தியார் 2007 சித்திரையில் பிள்ளையோடு இருக்கச் சிங்கப்பூர் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவருக்குச் சொந்தத்திலேயே சமையல்காரர் இருந்தார். வைகாசியில் நாலு வீடு கிடைத்தது. ஆனியில் இரண்டு. ஆடியில் ஒன்றே ஒன்று, அதுவும் வேறு சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்ததால்.

அபிதகுஜாம்பாள் ஸ்கூல் டீச்சர். கிட்டுவின் மனைவி. கரும்பலகையில் கோடு போடுகிற மாதிரி நேராகப் பேசுவாள்.

"ஏன்னா, நான் ஒண்ணும் பெரிசா கேக்கலை. ஆவணி முடியறதுக்குள்ள ஒருத்தர், ஒரே ஒருத்தர், தானா கூப்பிட்டு, கிட்டு சமையல்தான் வேணும்னு சொல்லட்டும். நான் அப்புறம் வாயைத் திறக்கலை. இல்லேன்னா புரட்டாசி பொறந்ததும் வத்சன் சொன்ன வேலைக்குப் போயிடுங்கோ."

வத்சன் என்கிற ஸ்ரீவத்சன் அவள் தம்பி. கோவிலம்பாக்கத்தில் ஃபிளாட், சாஃப்ட்வேர் கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலை. அவன் பார்த்துவைத்திருந்தது அந்தக் கம்பெனி கேண்டீனில் சூப்பர்வைசர் உத்தியோகம். எவனோ சமைத்த சாம்பாருக்குப் பக்கத்தில் நின்று டோக்கன் வாங்கிப் போட வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே கிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். பல்லாவரத்தில் தோல் ஃபாக்டரி மூடுகிறவரை ஸ்டோரில் பதினேழு வருஷம் அடுத்தவன் சரக்கைக் காவல் காத்தாயிற்று. கரண்டியைப் பிடித்த பிறகுதான் தனக்கென்று ஒரு கை இருப்பது தெரிந்தது. அதைப் போய் டோக்கன் பெட்டியில் போடுவதா?

ஆக, ஒருத்தர் வேண்டும். ஊரில் இத்தனை லட்சம் ஜனம் இருக்கிறது, அதில் ஒரே ஒருத்தர்.

"அத்திம்பேர், உங்க ப்ராடக்ட் நன்னாருக்கு. உங்களை யாருக்கும் தெரியலை, அவ்வளவுதான் பிரச்சினை" என்றான் வத்சன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் பிரௌசிங் சென்டருக்கு அழைத்துப் போய், கிட்டுவை ஆர்க்குட்டில் ஏற்றினான். பஞ்சகச்சத்தோடு நிற்கிற படம். 'கிட்டு கேட்டரிங்' என்று ஒரு கம்யூனிட்டி.

"கஸ்டமர் ஃபீட்பேக் ஏதாவது இருக்கா அத்திம்பேர்? அதைப் போட்டா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்."

"எல்லாரும் திருப்தின்னுதான் சொல்லியிருக்கா."

"சூப்பர். நூறு பர்சென்ட்டா?"

"சொல்லித்தான் ஆகணும்டா. மந்திரம் அது."

வத்சன் அடித்திருந்த நூறை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

இரண்டு வாரத்தில் அறுபத்து மூன்று பேர் கம்யூனிட்டியில் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் வத்சனின் சிநேகிதர்கள். ஒருத்தன் பர்த்டே பார்ட்டிக்குச் செய்து தருவீர்களா என்று கேட்டிருந்தான். இன்னொருத்தி எள்ளுருண்டை படத்தைப் பார்த்துவிட்டு, எப்போது ட்ரீட் என்று எழுதியிருந்தாள். கிட்டுவின் படத்துக்குக் கீழே இரண்டு இதயம் விழுந்திருந்தது. அது எதற்கு என்று அபிதா கேட்டபோது வத்சன் பேச்சை மாற்றிவிட்டான். கிட்டு சமைத்ததை ஒரு பருக்கை சாப்பிட்டவர் அந்த அறுபத்து மூன்று பேரில் ஒருவரும் இல்லை. சாப்பிட்டவர்களோ கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்கள். போனாலும், எங்கப்பா தெவசத்தில் வடை பிரமாதம் என்று ஊரறிய எழுதுவார்களா?

அடுத்தது ஸ்டிக்கர். கிட்டுவின் பாத்திரங்களை ஏற்றிப் போகிற ஆனந்தனின் ஆட்டோ முதுகில் மஞ்சளும் சிவப்புமாக ஒன்றை ஒட்டினான் வத்சன். 'தெவசம், காரியச் சமையலுக்கு அணுகவும்.' கீழே கிட்டுவின் பெயரும் செல் நம்பரும். மூன்றாம் நாளே ஆனந்தன் வாசலில் வந்து நின்றான்.

"சாமி, கோச்சிக்காத. இத்த நீயே கிழிச்சிடு."

"ஏன்டா?"

"சவாரி ஒண்ணு ஏற மாட்டேங்குது. கேம்ப் ரோட்ல ஒரு பொண்ணு, மாசமா கீது, ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு கை காட்டிச்சு. வண்டிய திருப்பும்போது பின்னாடி ஒட்டினத படிச்சிட்டு வேற வண்டில ஏறிக்கினு போயிடுச்சு. அந்தப் பொண்ணு மேலயும் தப்பு இல்ல சாமி. மூணு நாளா ஒரே பேஜாரா கீது."

கிட்டு வெந்நீர் போட்டு எடுத்துவந்து, தன் பெயரைத் தானே நகத்தால் சுரண்டினான். நல்ல பசை. அரை மணி நேரம் ஆயிற்று.

ஆவணியும் பாதி போய்விட்டது. கிட்டுவுக்கு எரிச்சல் தலைக்கு மேல் ஏறியது. சமையலை மோசமாகச் செய்கிறவனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் அது நியாயம். உப்பு ஒரு நாள் கூடத் தப்பாதவனுக்குக் கிடைக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அந்த எரிச்சலில்தான் அவனுக்கே ஒரு யோசனை தோன்றியது. உண்மையிலேயே நல்ல யோசனை. கிட்டுவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இதுவரை சமைத்த வீடுகள் எல்லாம் அதில் இருந்தன. வீட்டுக்காரர் பெயர், போன் நம்பர், யாருடைய தெவசம், எந்த மாதம், எந்தத் திதி, அந்த வீட்டு வழக்கத்தில் பாகற்காய் உண்டா, அதிரசம் உண்டா என்பது வரை. திதி இங்கிலீஷ் தேதி மாதிரி நின்ற இடத்தில் நிற்பதில்லை. வருஷத்துக்கு வருஷம் நகரும். ஆபீஸ் போகிற ஜனம் மறந்துபோய்க் கடைசி நிமிஷத்தில் தவிப்பதைக் கிட்டு பார்த்திருக்கிறான். பத்து நாள் முன்னால், இன்ன தேதியில் திதி வருகிறது என்று ஒரு வரி அனுப்பினால் போதும். விளம்பரம் மாதிரியே இருக்காது. புண்ணியம் மாதிரி இருக்கும்.

மூன்று நாள் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கும் தேதி கண்டுபிடித்து எழுதி, நோட்டை வத்சனிடம் கொடுத்தான்.

"பிரமாதமான டேட்டா அத்திம்பேர்" என்றான் வத்சன். "இப்படி ஒண்ணு வச்சுண்டா இத்தனை நாள் சும்மா இருந்தேள்? எங்க ஆபீஸுக்கு மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்பறவன்கிட்ட குடுத்துடறேன்."

"ஒவ்வொருத்தருக்கும் அவா அவா தேதி போகணும். அதைப் பார்த்துக்கோ."

"பார்த்துக்கறேன் அத்திம்பேர்."

பார்த்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நூற்றுப் பதினெட்டு பேருக்கும் ஒரே மாதிரி மெசேஜ் போயிற்று. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி. உங்கள் இல்லத்தில் விரைவில் மீண்டும் சேவை செய்யும் வாய்ப்பை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம். முன்பதிவு செய்பவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. கிட்டு கேட்டரிங், தெவசம் மற்றும் பதிமூன்று நாள் காரியங்கள்.'

பத்தே காலுக்கு முதல் போன் வந்தது. கிட்டு பல்லாவரம் சந்தையில், பிரண்டைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தான். ஒருத்தராவது கூப்பிட்டாரே என்று பிரண்டையைக் கீழே போட்டுவிட்டு எடுத்தான்.

"நான் ஸ்ரீவித்யா பேசறேன். போன வருஷம் எங்க மாமனாருக்குச் சமைச்சேளே" என்றது ஒரு குரல். "எங்க மாமியார் நாலு நாளா ஐசியூல இருக்கா. உங்க மெசேஜை எங்காத்துக்காரர் ஆஸ்பத்திரி வராண்டால நின்னுண்டு படிச்சார். எப்போ வாய்ப்பு வரும்னு ஆவலா காத்துண்டிருக்கேளா?"

கிட்டுவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவன் சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானத்துக்குள் பதினோரு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் திட்டினார். ஒருவர் அழுதார். ஒருவர் மிக மரியாதையாக, தன் நம்பரை நோட்டிலிருந்து அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அதுதான் எல்லாவற்றையும் விடச் சுட்டது. ஆவணிக் கடைசியில் வருவதாக இருந்த ஒரே வீடும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

சாயங்காலம் வத்சன் வந்தபோது கிட்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அவா அவா தேதி போகணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா."

"தனித்தனியா டைப் பண்ண நாளாகும்னான் அத்திம்பேர். முதல்ல பேர் மனசுல பதியட்டும்னு எங்க ஆபீஸ்ல போடற மெசேஜையே..."

"பதிஞ்சுடுத்து. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா."

"சாரி அத்திம்பேர்" என்றான் வத்சன். நிஜமாகவே வெட்கப்பட்டான் என்பது முகத்தில் தெரிந்தது, அதனால் கிட்டுவால் முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை. அதுவும் ஓர் எரிச்சல். "திங்கக்கிழமை கேண்டீன்ல உங்களைப் பார்க்கணும்னு மேனேஜர் சொன்னார். வரேளா?"

கிட்டு தலையை ஆட்டினான். வேறு என்ன செய்ய? வத்சன் போன பிறகு அபிதா காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சொல்லிக்காட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பன்னிரண்டாவது போன் அடித்தது. எடுக்கலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எடுத்தான்.

"நான் ராஜகோபால் பேசறேன். ஏரிக்கரைத் தெரு. மாசியில எங்காத்து மாமியோட வருஷாப்திகத்துக்கு, முதல் வருஷத் தெவசத்துக்கு, சமைச்சேளே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாமா. அந்த மெசேஜ் தப்பா வந்துடுத்து. என்னை மன்னிச்சுடுங்கோ. உங்க மனசு எப்படி..."

"என் மனசுக்கு என்ன? உள்ளதைத்தானே போட்டிருக்கேள். முன்பதிவு உண்டுன்னு இருந்ததே, அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

கிட்டு எழுந்து நோட்டை எடுத்தான். "யாருக்கு மாமா?"

"எனக்குத்தான்."

கிட்டு பேனாவை மூடினான்.

"பயப்படாதீங்கோ, நன்னாத்தான் இருக்கேன்" என்றார் ராஜகோபால். "எழுபத்தாறு ஆறது. பையன் சிட்னியில இருக்கான். வாத்தியார் இருந்தவரைக்கும் அவர் பார்த்துப்பார்னு இருந்தேன். அவரும் சிங்கப்பூர் போயிட்டார். பையனுக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது. யாராவது எதையாவது கொண்டுவந்து போட்டுட்டுப் போவான். மாசியில நீங்க பண்ணின பிரண்டைத் துவையல் இருக்கே, கொஞ்சங்கூட அரிக்கலை, உப்பு அத்தனை சரியா இருந்தது. அவ பண்ற மாதிரியே. அன்னிக்கே சொல்லியிருப்பேன். சொல்லப்படாதே, என்ன பண்றது? உங்க நம்பரை இன்னிக்குப் பையனுக்கு எழுதி அனுப்பிட்டேன். நீங்களும் என் பேரை எழுதிக்கோங்கோ. தள்ளுபடி எல்லாம் வேண்டாம்."

"திதி வேணுமே மாமா" என்றான் கிட்டு. பழக்கத்தில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் மெல்லச் சிரித்தார். "அதுக்கு இடம் விட்டு எழுதிக்கோங்கோ. ஆனா ஒண்ணு. பையன் கூப்பிடறபோது நீங்க வேற வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லப்படாது. வருவேள்தானே?"

ஆறு வருஷமாக எந்த வீட்டு வாசலிலும் சொல்லாத வார்த்தை. சொன்னால் இவர் ஆயுசுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் மனுஷர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"வரேன் மாமா" என்றான் கிட்டு.

போனை வைத்துவிட்டு நோட்டில் எழுதினான். ராஜகோபால், ஏரிக்கரைத் தெரு. பிரண்டைத் துவையல் உண்டு. திதி என்ற இடத்தைக் காலியாக விட்டான். அவன் கேட்ட ஒருத்தர் கிடைத்துவிட்டார், அந்த நாள் மட்டும் வரவே வேண்டாம் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. இந்தத் தொழிலை நினைத்து ஆத்திரமும் வந்தது.

அபிதா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"யாரு போன்ல? புக்கிங்கா?"

"ஆமாம்."

"தானாவா கூப்பிட்டா?"

"தானாத்தான். என் சமையல்தான் வேணும்னார்."

"எப்போ வரணுமாம்?"

கிட்டு நோட்டை அவள் பக்கம் திருப்பினான். பெயரைப் படித்தாள். காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். இரண்டையும் மறுபடி பார்த்தாள். நோட்டை மூடி அவனிடம் கொடுத்தாள்.

"வத்சனுக்கு நானே போன் பண்ணிடறேன்" என்றாள். "கேண்டீனுக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லி."